பழைய வீட்டூர்திகளில் சரக்குந்து டீசல் பொறி மாற்றம்

பழைய வீட்டூர்திகளில் சரக்குந்து டீசல் பொறி மாற்றம் என்பது, பெட்ரோல் பொறியுடன் உற்பத்தி செய்யப்பட்ட வீட்டூர்தி ஒன்றிலிருந்து அப்பொறியை அகற்றி, சரக்குந்துகளில் (லாரிகளில்) பயன்படும் டீசல் பொறி ஒன்றைப் பொருத்தும் பணியைக் குறிக்கும். வீட்டூர்தி (மோட்டார் ஹோம்) என்பது படுக்கை, சமையலிடம், கழிவறை முதலியவற்றைத் தன்னுள் கொண்டு தானே இயங்கும் ஊர்தி ஆகும். இம்மாற்றம் பெரும்பாலும் ஐக்கிய அமெரிக்காவிலும் கனடாவிலும், 1960களிலும் 1970களிலும் உருவான ஊர்திகளில் மேற்கொள்ளப்படுகின்றது.

பொறியை இறக்கி ஏற்றுவது இப்பணியின் ஒரு பகுதி மட்டுமே. டீசல் பொறி குறைந்த சுழற்சி வேகத்தில் இயங்குவது, எடை மிகுந்தது, உள்ளிழு குழாயில் வெற்றிடத்தை உண்டாக்காதது. இம்மூன்று வேறுபாடுகளின் காரணமாகக் கியர்பெட்டி, பின் அச்சு, முன் அச்சின் சுமைத்தாங்கு அளவு, குளிர்விப்பு, எரிபொருள் அமைப்பு, பிரேக் ஆகிய அனைத்தையும் மீண்டும் கணக்கிட வேண்டியுள்ளது. இவற்றுள் பிரேக் பற்றிய பகுதி உயிர்ப்பாதுகாப்புடன் நேரடியாகத் தொடர்புடையதாகும்.

பின்னணி

அமெரிக்காவில் வீட்டூர்திகள் 1960களில் பரவலாக விற்பனைக்கு வந்தன. அயோவா மாநிலத்தின் ஃபாரஸ்ட் சிட்டி நகரைச் சேர்ந்த வின்னிபேகோ நிறுவனம் 1966 இல் தனது முதல் வீட்டூர்தியை வெளியிட்டது. அக்காலத்தில் உடற்பகுதியை ஒரு நிறுவனமும், பொறியுடன் கூடிய அடிச்சட்டத்தை டாட்ஜ், செவ்ரொலே போன்ற மற்றொரு நிறுவனமும் செய்வது வழக்கமாக இருந்தது. டாட்ஜ் அடிச்சட்டங்களில் கிரைஸ்லர் நிறுவனத்தின் V8 பெட்ரோல் பொறிகள் இடம்பெற்றன. இவற்றுள் பெரியது 440 கன அங்குலக் கொள்ளளவு, அதாவது ஏறத்தாழ 7.2 லிட்டர் கொண்டது. எப்எம்சி நிறுவனம் 1970களில் செய்த வீட்டூர்தியில் இதே பொறி பின்புறத்தில் பொருத்தப்பட்டது. ஜெனரல் மோட்டார்ஸ் 1973 முதல் 1978 வரை செய்த ஜிஎம்சி வீட்டூர்தியில் ஓல்ட்சுமொபீல் V8 பொறி முன்சக்கரங்களை இயக்கியது.

இப்பொறிகள் லிட்டருக்கு ஏறத்தாழ 2.5 முதல் 3.5 கிலோமீட்டர் வரை மட்டுமே ஓடின. 1973, 1979 ஆகிய ஆண்டுகளின் எண்ணெய் நெருக்கடிகள் வீட்டூர்தித் தொழிலைக் கடுமையாகத் தாக்கின. கிரைஸ்லர் தனது பெரிய V8 பொறிகளின் உற்பத்தியை 1978 இல் நிறுத்தியது. இதனால் உடற்பகுதி நல்ல நிலையில் இருந்தும், பொறி தேய்ந்து, உதிரிப்பாகங்கள் அருகிவரும் ஊர்திகள் பல எஞ்சின. அவற்றை மீண்டும் நெடுந்தொலைவுப் பயணத்திற்கு ஏற்றவையாக ஆக்கும் வழிகளில் ஒன்றாக டீசல் பொறி மாற்றம் அமைந்தது.

பெரிய ஊர்திகளில் பொறி மாற்றம் தனிமனிதர்களின் பொழுதுபோக்காக மட்டும் இருந்ததில்லை. கிரேஹவுண்டு பேருந்து நிறுவனத்திற்காக ஜெனரல் மோட்டார்ஸ் 1954 முதல் 1956 வரை செய்த சீனிக்குரூசர் பேருந்துகள் 1,001 ஆகும். இவை ஒவ்வொன்றிலும் நான்கு உருளைகள் கொண்ட இரு டீசல் பொறிகள் இணைத்துப் பொருத்தப்பட்டிருந்தன. இவ்விணைப்பு தொல்லை மிகுந்ததாக இருந்தமையால், 1961-62 இல் மார்மன்-ஹெரிங்டன் நிறுவனம் இப்பேருந்துகளில் பெரும்பாலானவற்றில் இரு பொறிகளையும் அகற்றி, டெட்ராய்ட் டீசல் 8V-71 என்னும் ஒரே பொறியைப் பொருத்தியது. அப்போது கியர்பெட்டியும் உடன் மாற்றப்பட்டது. பணியிலிருந்து விலக்கப்பட்ட சீனிக்குரூசர்கள் பல பிற்காலத்தில் வீட்டூர்திகளாக மாற்றப்பட்டன.

இரு வகைப் பொறிகளின் வேறுபாடு

பெட்ரோல் பொறியில் காற்றும் எரிபொருளும் கலந்த கலவை உருளைக்குள் சென்று தீப்பொறியால் எரிகின்றது. ஓட்டுநர் முடுக்கியை மிதிக்கும்போது உள்ளிழு குழாயில் உள்ள த்ராட்டில் எனும் தட்டு திறக்கின்றது. காலை எடுத்தால் தட்டு மூடிக்கொள்ளும். அதன் பின்புறம் வெற்றிடம் உண்டாகும்.

டீசல் பொறியில் காற்று மட்டும் உருளைக்குள் சென்று மிகையாக அழுத்தப்படுகின்றது. அழுத்தத்தால் சூடேறிய காற்றில் டீசல் பீச்சப்படும்போது அது தானாகவே தீப்பற்றுகின்றது. திறன் கட்டுப்பாடு பீச்சப்படும் எரிபொருளின் அளவினால் நடைபெறுவதால் பழைய சரக்குந்து டீசல் பொறிகளில் த்ராட்டில் தட்டு இல்லை. ஆகவே உள்ளிழு குழாயில் பயன்படத்தக்க வெற்றிடமும் இல்லை.

மிகை அழுத்தத்தைத் தாங்க டீசல் பொறியின் உருளைக்கட்டை, வணரித்தண்டு, பிஸ்டன் ஆகியவை தடித்தும் கனத்தும் அமைகின்றன. இக்கனம் பொறியின் சுழற்சி வேகத்தையும் கட்டுப்படுத்துகின்றது. பெட்ரோல் V8 பொறி நிமிடத்திற்கு 4,000 சுற்றுகளை ஒட்டித் தன் உச்சத் திறனை அடையும்போது, நடுத்தரச் சரக்குந்து டீசல் பொறி 2,500 சுற்றுகளை ஒட்டியே அதனை அடைகின்றது. ஆனால் டீசல் பொறியின் முறுக்குவிசை தாழ்ந்த வேகத்திலேயே கிடைத்துவிடும்.

பொறியைத் தேர்ந்தெடுத்தல்

"சரக்குந்துப் பொறி" என்னும் சொல் பல அளவுகளை உள்ளடக்கியது. மிகக் கனரகச் சரக்குந்துகளின் பொறிகள் ஒரு டன்னுக்கும் மேற்பட்ட எடை கொண்டவை. அவை பேருந்து உடற்சட்டத்தில் அமைந்த வீட்டூர்திகளுக்கே பொருந்தும். 8 முதல் 9 மீட்டர் நீளமுள்ள பழைய வீட்டூர்திகளுக்குப் பெரும்பாலும் நடுத்தரச் சரக்குந்துகளின் பொறிகளே எடுக்கப்படுகின்றன.

- கம்மின்ஸ் 6BT: வரிசையாக ஆறு உருளைகள், 5.9 லிட்டர், டர்போ ஊதியுடன் கூடியது. எடை ஏறத்தாழ 500 கிலோகிராம்.
- கம்மின்ஸ் 4BT: மேற்கூறிய பொறியின் நான்கு உருளை வடிவம், 3.9 லிட்டர். அமெரிக்காவில் ரொட்டி, சிற்றுண்டி விநியோகிக்கும் வண்டிகளிலிருந்து இது பெருமளவில் பெறப்பட்டது. சிறிய வீட்டூர்திகளுக்கு ஏற்றது.
- கேட்டர்பில்லர் 3208: V வடிவில் எட்டு உருளைகள், 10.4 லிட்டர். நீளம் குறைவு, ஆனால் அகலமும் எடையும் மிகுதி.

இவற்றுள் 6BT பலராலும் விரும்பப்படுகின்றது. கம்மின்ஸ் நிறுவனத்தின் பி வரிசையைச் சேர்ந்த இப்பொறி 1989 ஆம் ஆண்டு மாதிரி முதல் டாட்ஜ் சரக்குந்துகளில் இடம்பெற்றது. அவ்வடிவில் அது 2,500 சுற்றில் 160 குதிரைத்திறனையும், 1,700 சுற்றுகளை ஒட்டி 542 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையையும் அளித்தது. இதிலிருந்து 1,700 சுற்றிலேயே ஏறத்தாழ 130 குதிரைத்திறன் கிடைப்பதைக் கணக்கிடலாம். அதாவது உச்ச வேகத்தில் மூன்றில் இரு பங்கிலேயே உச்சத் திறனில் ஐந்தில் நான்கு பங்கு கிடைத்துவிடுகின்றது. இதே வரிசையின் 5.9 லிட்டர் பொறிகள் இந்தியாவில் சாம்செட்பூரின் டாட்டா கம்மின்ஸ் நிறுவனத்தால் செய்யப்பட்டு டாட்டா சரக்குந்துகளிலும் பயன்பட்டவை.

1998 இன் தொடக்கம் வரை டாட்ஜ் சரக்குந்துகளில் வந்த 12 அடைப்பிதழ் கொண்ட 6BT பொறிகளில் எரிபொருள் பம்பு முழுவதும் இயந்திர வகையைச் சார்ந்தது. இயங்கத் தொடங்கியபின், எரிபொருளை நிறுத்தும் மின்காந்தத் திறப்பியைத் திறந்து வைப்பதற்கு மட்டுமே மின்சாரம் தேவைப்படும். கணினிக் கட்டுப்பாடும் சிக்கலான மின்கம்பித் தொகுதியும் இல்லாததால் வேறொரு ஊர்தியில் இதனைப் பொருத்துவது எளிது. 2003 மாதிரி முதல் வந்த பொது எரிபொருள் குழாய் வகைப் பொறிகள் ஓசை குறைந்தவை. எனினும் அவற்றின் கணினியையும் உணரிகளையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

12 அடைப்பிதழ் பொறிகளில் அறியப்பட்ட குறை ஒன்று உண்டு. முன்புறப் பற்சக்கரப் பெட்டியை நிலைநிறுத்தும் சிறு எஃகு முளை காலப்போக்கில் தளர்ந்து பற்சக்கரங்களுக்கு இடையே விழக்கூடும். அவ்வாறு விழுந்தால் பொறி பெருஞ்சேதம் அடையும். பொறி வெளியே இருக்கும்போதே இம்முளை வெளிவராதவாறு சிறு தகடு ஒன்றைப் பொருத்துவது வழக்கம்.

பொறியை மட்டும் தனியே வாங்குவதைவிட, விபத்தில் சேதமடைந்த முழுச் சரக்குந்து ஒன்றை வாங்குவது பயனுள்ளது எனக் கருதப்படுகின்றது. பொறித் தாங்கிகள், கியர்பெட்டி, ரேடியேட்டர், வெற்றிடப் பம்பு, திசைதிருப்பி பம்பு, மின்கம்பிகள் ஆகியவை ஒன்றோடொன்று பொருந்தும் நிலையில் அதிலிருந்து கிடைக்கும்.

இடமும் எடையும்

முன்புறப் பொறி கொண்ட வீட்டூர்திகளில் பொறி, ஓட்டுநருக்கும் அருகிலிருப்பவருக்கும் இடையே, உள்ளிருந்து திறக்கத்தக்க மூடி ஒன்றின்கீழ் அமைந்துள்ளது. V8 பொறி குட்டையானது, அகலமானது. வரிசை ஆறு உருளைப் பொறியோ ஏறத்தாழ 1 மீட்டர் நீளமும் அதற்கு நெருங்கிய உயரமும் கொண்டது. ஆகவே மூடியை உயர்த்தியும் பின்புறம் நீட்டியும் புதிதாகச் செய்ய வேண்டியிருக்கும். வெப்பமும் ஓசையும் உள்ளே வராதிருக்கத் தீப்பற்றாத காப்புப்பொருளை மூடியின் உட்புறம் ஒட்டுவர். மூடியின் விளிம்புகள் காற்றுப்புகாதவாறு அமைவதும் முக்கியமானது. புகைபோக்கி இணைப்பில் கசிவு ஏற்பட்டால் நச்சுப்புகை வாழிடத்திற்குள் நுழைந்துவிடும்.

எல்லா வீட்டூர்திகளும் இம்மாற்றத்திற்கு இடந்தருவதில்லை. ஜிஎம்சி வீட்டூர்தியில் பொறியும் கியர்பெட்டியும் முன் அச்சும் ஒன்றையொன்று ஒட்டிய ஒரே தொகுதியாக அமைந்திருப்பதால், நீண்ட வரிசைப் பொறியை அங்கு வைப்பது மிகக் கடினம். மாறாக, எப்எம்சி போன்ற பின்பொறி ஊர்திகளில் இடம் கிடைப்பினும், குளிர்காற்று தானாக வந்து சேராது என்பதால் ரேடியேட்டர் அமைப்பே பெருஞ்சிக்கலாகின்றது.

கிரைஸ்லர் 440 பொறியின் எடை 300 கிலோகிராமுக்குச் சற்று மேற்பட்டது. எனவே 6BT பொறியால் ஏறத்தாழ 200 கிலோகிராம் கூடுகின்றது. இச்சுமை எந்த அச்சில் விழும் என்பதை நெம்புகோல் விதியால் அறியலாம். முன் பின் அச்சுகளுக்கு இடையே 4 மீட்டர் இடைவெளி இருந்து, பொறியின் எடைமையம் முன் அச்சிற்கு 0.4 மீட்டர் பின்னால் இருப்பின், கூடுதல் எடையில் பத்தில் ஒன்பது பங்கு, அதாவது 180 கிலோகிராம் முன் அச்சையே சாரும். எடைமையம் முன் அச்சிற்கு முன்னால் அமைந்துவிட்டால், முன் அச்சின் சுமை 200 கிலோகிராமுக்கும் மேலாகக் கூடும். பின் அச்சின் சுமை அந்த அளவுக்குக் குறையும்.

பழைய வீட்டூர்திகள் பல ஏற்கெனவே தம் சுமை வரம்பை நெருங்கியவை. ஆகவே பணியைத் தொடங்குமுன், நீர்த்தொட்டியும் எரிபொருள் தொட்டியும் நிரம்பிய நிலையில், எடைமேடையில் முன் அச்சையும் பின் அச்சையும் தனித்தனியே நிறுத்துப் பார்ப்பது தேவையானது. வரம்பு மீறினால் வில் தகடுகளை வலுப்படுத்துவது மட்டும் போதாது. சக்கர உருளைத்தாங்கிகள், சக்கர வளையங்கள், டயர்கள், பிரேக் ஆகியவையும் அச்சின் சுமை வரம்பை நிர்ணயிக்கின்றன.

கியர்பெட்டியும் பின் அச்சும்

பொறியின் வேகவரம்பு மாறும்போது பழைய பின் அச்சின் பற்சக்கர விகிதம் பொருந்தாது போய்விடும். இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். டயர் ஒருமுறை சுற்றினால் 2.45 மீட்டர் செல்லும் எனவும், பின் அச்சின் விகிதம் 4.88 எனவும் கொள்வோமாயின், மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்தி நிமிடத்திற்கு 1,500 மீட்டர் செல்கின்றது. சக்கரம் நிமிடத்திற்கு 612 முறை சுற்றும். நேர் கியரில் பொறியின் வேகம் 612 × 4.88, அதாவது ஏறத்தாழ 2,990 சுற்று ஆகும்.

பெட்ரோல் V8 பொறிக்கு இது இயல்பான வேகம். ஆனால் 2,500 சுற்றில் கட்டுப்படுத்தப்பட்ட டீசல் பொறியால் இதனை அடைய இயலாது. அத்தகைய ஊர்தி மணிக்கு 75 கிலோமீட்டருக்கு மேல் செல்லாது. புதிய பொறி பழையதைவிட வலுவற்றது என்ற தவறான எண்ணம் பெரும்பாலும் இதனாலேயே எழுகின்றது. தீர்வுகளும், அவற்றால் 90 கிலோமீட்டர் வேகத்தில் அமையும் பொறி வேகமும் வருமாறு:

- பின் அச்சின் விகிதத்தை 3.54 ஆக மாற்றுதல்: ஏறத்தாழ 2,170 சுற்று.
- 4.88 விகிதத்தை வைத்துக்கொண்டு, 0.69 விகித மிகைவேகக் கியர் (ஓவர்டிரைவ்) கொண்ட கியர்பெட்டியைப் பொருத்துதல்: ஏறத்தாழ 2,060 சுற்று.
- இரண்டையும் செய்தல்: ஏறத்தாழ 1,500 சுற்று.

மூன்றாவது வழியில் பொறி தன் உச்ச முறுக்குவிசைக்குக் கீழான வேகத்தில் திணற நேரிடும். புகையும் வெளியேற்ற வெப்பமும் கூடும். முதல் இரண்டில் மிகைவேகக் கியர் முறைக்கு ஒரு சிறப்பு உண்டு. சமவெளியில் மிகைவேகக் கியரிலும், ஏற்றத்தில் நேர் கியரில் பழைய விகிதத்திலும் செல்ல இயலும்.

பெட்ரோல் பொறிக்குரிய தானியங்கிக் கியர்பெட்டியை அப்படியே டீசல் பொறியுடன் இணைக்க இயலாது. இணைப்பு முகப்பின் மரைத்துளைகள் பொருந்தா. கியர் மாறும் வேகங்களும் முறுக்குவிசை மாற்றியும் வேறு வேகவரம்பிற்கு வடிவமைக்கப்பட்டவை. செவ்ரொலே அடிச்சட்டங்களில் இருந்த டர்போ-ஹைட்ராமேட்டிக் 400 போன்ற பெட்டிகள், பொறியின் சுமையை உள்ளிழு குழாயின் வெற்றிடத்தைக் கொண்டு உணர்பவை. வெற்றிடம் இல்லாத பொறியுடன் அவை எப்போதும் முழுச்சுமையில் இருப்பதாகவே கொண்டு இயங்கும். நடுத்தரச் சரக்குந்துகளின் அல்லிசன் AT545 எளிதில் கிடைப்பது, உறுதியானது. ஆயினும் அதில் மிகைவேகக் கியரும் இல்லை. முறுக்குவிசை மாற்றியை நேரடியாகப் பூட்டும் அமைப்பும் இல்லை. ஆகவே ஒரு பங்கு ஆற்றல் வழுக்கலில் வெப்பமாகின்றது.

ஏற்றத்தில் தேவைப்படும் திறன்

160 குதிரைத்திறன் போதுமா என்பதையும் கணக்கிட்டு அறியலாம். 5,400 கிலோகிராம் எடையுள்ள வீட்டூர்தி, 100 மீட்டருக்கு 6 மீட்டர் உயரும் சாலையில் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஏறுவதாகக் கொள்ளலாம். புவியீர்ப்பை எதிர்க்க மட்டும் ஏறத்தாழ 3,180 நியூட்டன் விசையும், அதற்கு 53 கிலோவாட், அதாவது 71 குதிரைத்திறனும் தேவை. டயர் உருளல் தடை, காற்றுத்தடை, கியர் இழப்பு ஆகியவற்றையும் சேர்த்தால் பொறியிடமிருந்து 115 முதல் 120 குதிரைத்திறன் வரை வேண்டியிருக்கும்.

ஆகவே பொறியின் திறன் போதுமானது. எனினும் பின் அச்சின் விகிதம் 3.54 ஆக இருந்தால், நேர் கியரில் 60 கிலோமீட்டர் வேகத்தில் பொறி ஏறத்தாழ 1,450 சுற்றில் இருக்கும். அங்கு இத்திறன் கிடைக்காததால் கீழ்க்கியருக்கு மாற வேண்டும். 4.88 விகிதத்தில் அதே வேகத்தில் பொறி 1,990 சுற்றில் இருப்பதால் கியர் மாற்றாமலேயே ஏற இயலும்.

பிரேக்

இம்மாற்றத்தில் மிகக் கவனத்திற்குரிய பகுதி இதுவே ஆகும். பழைய வீட்டூர்திகளின் நீர்ம பிரேக் அமைப்பில் ஓட்டுநரின் கால்விசையைப் பெருக்குவது வெற்றிட உதவிக்கலம் ஆகும். கலத்தின் ஒருபுறம் வளிமண்டல அழுத்தமும், மறுபுறம் பொறியின் உள்ளிழு குழாயிலிருந்து வரும் வெற்றிடமும் செயற்பட்டு விசையைத் தருகின்றன. நல்ல நிலையிலுள்ள பெட்ரோல் பொறி, வெற்றோட்டத்தில் வளிமண்டல அழுத்தத்தைவிட 60 முதல் 70 கிலோபாஸ்கல் குறைந்த அழுத்தத்தைத் தருகின்றது. டீசல் பொறி இதனைத் தருவதில்லை. மாற்று ஏற்பாடு இல்லாவிடின் ஐந்து டன் ஊர்தியை ஓட்டுநரின் கால்விசை மட்டுமே நிறுத்த வேண்டும்.

இதற்கு இரு தீர்வுகள் உள்ளன. ஒன்று, பொறியால் இயக்கப்படும் வெற்றிடப் பம்பு. டாட்ஜ் சரக்குந்துகளின் 6BT பொறியில் இத்தகைய பம்பு பற்சக்கரத்தால் இயக்கப்பட்டு, திசைதிருப்பி பம்புடன் இணைந்தே வருகின்றது. மற்றொன்று, திசைதிருப்பி பம்பின் நீர்ம அழுத்தத்தைக் கொண்டு பிரேக் விசையைப் பெருக்கும் ஹைட்ரோ-பூஸ்ட் என்னும் கருவி. பொறி நின்றுபோனாலும் சிலமுறை பிரேக் இட அதன் சேமிப்புக்கலத்தில் அழுத்தம் இருக்கும்.

வெற்றிடப் பம்பு முறையில் வெற்றிட அளவு குறைந்தால் ஒளிரும் எச்சரிக்கை விளக்கு இன்றியமையாதது. பம்பு ஓட்டத்தின்போது பழுதடைந்தால், உதவிக்கலத்தில் எஞ்சியுள்ள வெற்றிடம் முதல் ஓரிரு மிதிப்புகளுக்குப் போதுமானதாக இருக்கும். மிதி இயல்பாகவே தோன்றும். அடுத்த மிதிப்பில்தான் அது இறுகும். விளக்கு இல்லையெனில், பிரேக் மிகத் தேவைப்படும் வேளையிலேயே பழுது தெரியவரும்.

இறக்கத்தில் மற்றுமொரு வேறுபாடு வெளிப்படும். பெட்ரோல் பொறியில் முடுக்கியிலிருந்து காலை எடுத்தால், மூடிய த்ராட்டிலுக்கு எதிராகக் காற்றை இழுக்கும் உழைப்பு ஊர்தியின் வேகத்தைக் குறைக்கும். டீசல் பொறியில் தடையின்றி நுழைந்த காற்று அழுத்தப்பட்டபின் மீண்டும் விரிந்து, வாங்கிய ஆற்றலில் பெரும்பகுதியைத் திருப்பித் தந்துவிடுகின்றது. ஆகவே பொறித்தடை மிகக் குறைவு. எடை கூடிய ஊர்தியில் சக்கர பிரேக்குகளின் பங்கு இதனால் மேலும் கூடுகின்றது.

5,400 கிலோகிராம் ஊர்தி 300 மீட்டர் உயரம் இறங்கும்போது வெளிவிடும் ஆற்றல் ஏறத்தாழ 15.9 மெகாஜூல் ஆகும். இது 47 லிட்டர் நீரை 20 பாகையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான வெப்பம். காற்றும் டயரும் ஒரு பகுதியை ஏற்றுக்கொள்ளும். மீதி முழுவதும் பிரேக் உருளைகளைச் சேருமாயின், அவை பழுக்கச் சூடேறி உராய்வை இழக்கும். பிரேக் நீர்மம் கொதிக்கவும் கூடும். இதனைத் தவிர்க்கப் புகைபோக்கித் தடை பொருத்தப்படுகின்றது. டர்போ ஊதிக்குப் பின்னால் புகைக்குழாயை மூடும் தட்டு ஒன்று, பொறியைத் தன் வெளியேற்றக் காற்றையே எதிர்த்து உழைக்கச் செய்கின்றது. இதனைப் பொருத்தும்போது 6BT பொறியின் வெளியேற்று அடைப்பிதழ்களுக்கு வலுவான சுருள்விற்கள் இட வேண்டியிருக்கும்.

எரிபொருள், குளிர்விப்பு, மின்னமைப்பு

- மீள்குழாய்: டீசல் பம்பு தேவைக்கு மேல் எரிபொருளை எடுத்து மீதியைத் தொட்டிக்குத் திருப்பி அனுப்பும். பழைய கார்புரேட்டர் அமைப்புகள் பலவற்றில் போதிய மீள்குழாய் இருப்பதில்லை.
- தொட்டி: பழைய பெட்ரோல் தொட்டியின் துருவும் படிவும் டீசலில் இளகி வடிகட்டிகளை அடைக்கும். தொட்டியைக் கழுவுவதும், நீர்பிரிக்கும் வடிகட்டி ஒன்றைச் சேர்ப்பதும் தேவை. துத்தநாகப் பூச்சுள்ள குழாய்கள் டீசலுக்கு ஏற்றவையல்ல.
- மின்னாக்கி: வீட்டூர்தியின் மின்னாக்கி (ஜெனரேட்டர்) பெரும்பாலும் ஊர்தியின் தொட்டியிலிருந்தே பெட்ரோலை எடுக்கின்றது. தொட்டி டீசலுக்கு மாறியபின் அதற்குத் தனித் தொட்டியோ, டீசல் மின்னாக்கியோ வேண்டும்.
- குளிர்விப்பு: டர்போ ஊதி அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இடைக்குளிர்வி ரேடியேட்டரின் முன் அமைகின்றது. இரண்டிற்கும் போதிய காற்று செல்லப் பெரிய விசிறியும், அதனைச் சூழும் காற்றுக்கூடும் தேவை.
- தொடக்கம்: குளிர்காலத்தில் 6BT பொறியின் உள்ளிழு காற்றைச் சூடேற்றும் மின்கம்பி அமைப்பு 100 ஆம்பியருக்கு மேல் எடுக்கும். ஆகவே பெரிய மின்கலங்களும் தடித்த கம்பிகளும் தேவை.
- சுழற்சிமானி: பெட்ரோல் பொறியின் சுழற்சிமானி தீப்பொறித் துடிப்புகளை எண்ணுவது. டீசல் பொறியில் தீப்பொறி இல்லாததால் ஆல்டர்னேட்டரிலிருந்தோ காந்த உணரியிலிருந்தோ குறிகை பெற வேண்டும்.
- அவசர நிறுத்தம்: டர்போ ஊதியின் அடைப்பு உடைந்து எண்ணெய் உள்ளிழுக்கப்பட்டால், எரிபொருளை நிறுத்தியபின்னும் டீசல் பொறி கட்டுப்பாடின்றி ஓடக்கூடும். உள்ளிழு காற்றை அடைக்கும் மூடி ஒன்று இதற்குப் பாதுகாப்பாகும்.

பொருளாதாரம்

எரிபொருள் சேமிப்பு இம்மாற்றத்திற்கான காரணமாக அடிக்கடி கூறப்படுகின்றது. ஒரு லிட்டர் டீசலில் பெட்ரோலைவிட 12 முதல் 14 விழுக்காடு வரை கூடுதல் ஆற்றல் உண்டு. மேலும் பகுதிச்சுமையில் டீசல் பொறியின் பயனுறுதிறன் உயர்ந்தது. லிட்டருக்கு 3 கிலோமீட்டர் ஓடிய ஊர்தி, மாற்றத்திற்குப்பின் 4.5 கிலோமீட்டர் ஓடுவதாகக் கொண்டால், ஆண்டிற்கு 8,000 கிலோமீட்டர் பயணத்தில் ஏறத்தாழ 890 லிட்டர் மிஞ்சும். அமெரிக்காவில் அண்மைக் காலத்தில் டீசலின் விலை பெரும்பாலும் பெட்ரோலைவிட மிகுதியாக இருப்பதால் பணச் சேமிப்பு இதனினும் குறைவு. பொறி, கியர்பெட்டி, குளிர்விப்பு, பிரேக் ஆகியவற்றின் செலவு முழுவதும் இச்சேமிப்பால் ஈடாகப் பல ஆண்டுகள் ஆகும்; குறைவாகப் பயணம் செய்பவருக்கு ஈடாகாமலே போகலாம்.

ஆகவே, உதிரிப்பாகங்கள் எளிதில் கிடைத்தல், ஏற்றத்தில் வேகம் குறையாமை, பொறியின் நீண்ட ஆயுள், வடிவமைப்பால் சிறந்த உடற்பகுதி ஒன்றைப் பயன்பாட்டில் வைத்திருத்தல் ஆகியவையே இம்மாற்றத்தின் உண்மையான பயன்கள் எனலாம். பழைய பெட்ரோல் பொறியைச் செப்பனிடுவது பெரும்பாலும் செலவு குறைந்த வழியாகும். பணி பாதியில் நின்றுவிட்டால் ஊர்தியின் மதிப்பு மாற்றத்திற்கு முன்பிருந்ததைவிடக் குறைந்துவிடும்.

சட்டமும் பதிவும்

ஐக்கிய அமெரிக்காவின் தூய காற்றுச் சட்டம் மாசுக்கட்டுப்பாட்டுக் கருவிகளை நீக்குவதைத் தடைசெய்கின்றது. பொறி மாற்றம் குறித்து அந்நாட்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1991 இல் விளக்கம் ஒன்றை வெளியிட்டது. அதன் அடிப்படைக் கருத்து, பொருத்தப்படும் பொறியும் அதன் மாசுக்கட்டுப்பாட்டுக் கருவிகளும் ஊர்தியின் மாதிரி ஆண்டிற்கோ, அதற்குப் பிந்தைய ஆண்டிற்கோ உரிய சான்றுபெற்ற அமைப்பாக இருத்தல் வேண்டும் என்பதாகும். பழைய பொறியைப் புதிய ஊர்தியில் இடுவது இதனால் தடைப்படுகின்றது. பழைய ஊர்தியில் பிற்காலப் பொறியை அதன் கருவிகளுடன் இடுவது அவ்வாறு தடைப்படுவதில்லை.

மாநிலங்களுக்கிடையே விதிகள் வேறுபடுகின்றன. கலிபோர்னியாவில் 1975 ஆம் ஆண்டு மாதிரிக்கும் அதற்கு முன்னரும் உரிய பெட்ரோல் ஊர்திகள் புகைச் சோதனையிலிருந்து விலக்குப் பெற்றவை. பொறி மாற்றப்பட்ட ஊர்திகளைச் சரிபார்ப்பதற்கென அங்கு நடுவர் நிலையங்கள் உள்ளன. எரிபொருள் வகை மாறுவதால் பதிவு ஆவணத்தையும் காப்பீட்டையும் திருத்த வேண்டியிருக்கும்.

பணியின் பொது ஒழுங்கு

1. இரு அச்சுகளையும் தனித்தனியே நிறுத்து, மீதமுள்ள சுமை வரம்பை அறிதல்.
2. டயர் அளவு, அச்சு விகிதம், கியர் விகிதம் ஆகியவற்றைக் கொண்டு பொறி வேகத்தைக் கணக்கிடுதல்.
3. பொறியை வாங்குமுன் இடத்தை அளத்தல். நீளம், உயரம், எண்ணெய்க் கலத்தின் பள்ளம் அமையும் இடம் ஆகியவை இதில் அடங்கும்.
4. பொறியைத் தாங்கிகளில் தற்காலிகமாக நிறுத்தி, இயக்குதண்டின் கோணங்களைச் சரிபார்த்தபின் நிலையாகப் பொருத்துதல்.
5. பிரேக் உதவி அமைப்பை, பொறியை முதன்முறை இயக்குமுன்னரே முழுமையாக்குதல்.
6. எரிபொருள், குளிர்விப்பு, மின்னமைப்பு ஆகியவற்றை நிறைவுசெய்தல்.
7. மீண்டும் எடைபார்த்து, முதலில் சமவெளியிலும் பின்னர் ஏற்ற இறக்கங்களிலும் சோதித்தல். நீர் வெப்பநிலையுடன் வெளியேற்ற வளியின் வெப்பநிலையையும் கண்காணித்தல்.

இவற்றையும் பார்க்க

- டீசல் பொறி
- முறுக்குவிசை
- பல்லிணை விகிதம்
- நீர்ம பிரேக்
- டர்போ ஊதி
- வீட்டூர்தி